பாங்காக்கில் இங்க் பேனா வாங்கப் போகிறீர்களா? இதைப் படித்துவிட்டுப் போங்கள்

14,500 பாட். நம்ம காசுக்குக் கிட்டத்தட்ட நாற்பதாயிரம். போன வாரம் பாங்காக்கில், சுகும்வித் சாலையை ஒட்டிய ஒரு சந்தில், கைக்கடிகாரமும் பேனாவும் விற்கும் சின்னக் கடையில் எண்ணிக் கொடுத்துவிட்டு வந்தேன். மோன்ட்பிளாங்க் என்ற விலையுயர்ந்த ஜெர்மன் கம்பெனியின் 146 மாடல் பேனா, ஷோரூம் விலையில் பாதி. இருபது வருஷ ஆசை, கண்ணை மறைத்துவிட்டது.

கடைக்காரருக்கு அறுபது வயதிருக்கும். அவசரப்படுத்தவே இல்லை. அதில்தான் விழுந்தேன். பச்சை வெல்வெட் துணியை விரித்துப் பேனாவை வைத்து, மைக்கூட்டை என் பக்கம் நகர்த்தினார். நிப்பை முக்கிக் கையெழுத்துப் போட்டேன், வழுக்கிக்கொண்டு போயிற்று. நிப்பில் 4810 என்று, கம்பெனிக்குப் பெயர் தந்த மோன்ட்பிளாங்க் மலையின் உயரமாகச் சொல்லப்படும் மீட்டர் கணக்கு, 585 (14 காரட்) தங்க முத்திரை, மூடி உச்சியில் வெள்ளை நட்சத்திரம், கிளிப் வளையத்தில் சீரியல் எண், எல்லாம் இருந்தன. மை நிரப்பிப் பார்க்கலாமா என்றேன். "நிரப்பினால் பழைய பேனா ஆகிவிடும் சார், அப்புறம் யார் வாங்குவார்கள்?" நியாயமாகத்தான் பட்டது. கார்டு என்றால் மூன்று சதவீதம் கூட என்றதும் ஏடிஎம்முக்கு நானே ஓடினேன். அதற்குக் கட்டணம் 220 பாட் தனி.

சென்னை வந்து மை இழுத்தால் ஏறவே இல்லை. 146 பிஸ்டன் பேனா, வாலைத் திருகினால் மை உள்ளே ஏற வேண்டும். இதில் வால் சும்மா சுற்றியது. பாரிமுனைப் பக்கம் பேனா ரிப்பேர் பார்க்கும் பெரியவரிடம் கொண்டுபோனேன். கழுத்தைத் திருகினார், கழன்று வந்தது. உள்ளே பிஸ்டனுக்குப் பதில், மலிவுப் பேனாக்களில் இருக்கும் பிளாஸ்டிக் கன்வெர்ட்டர், அதாவது கழற்றி மாட்டும் மைக்குழாய். பழைய ஸ்பீக்கரில் பிடுங்கிய காந்தத்தை நிப் பக்கம் கொண்டுபோனார். டக்கென்று ஒட்டிக்கொண்டது. தங்கம் எங்கே ஒட்டும்? "டீ குடிக்கிறீங்களா தம்பி?" என்று மட்டும் கேட்டார்.

கடைக்கு வாட்ஸ்அப்பில் எழுதினேன். முதல் நாள், "கவலை வேண்டாம் நண்பரே, போட்டோ அனுப்புங்கள்." மறுநாள், "முதலாளி சியாங் மாய் போயிருக்கிறார்." முதலாளியே அந்த ஆள்தானய்யா! மூன்றாம் நாள், விமானத்தில் காற்றழுத்தத்தால் கெட்டிருக்குமாம். காற்றழுத்தம் தங்கத்தை இரும்பாக்குமா? நேற்றிலிருந்து ஒற்றை டிக்தான். ரசீதை எடுத்துப் பார்த்தால் 'அன்பளிப்புப் பொருள், 1' என்று கையால் கிறுக்கியிருக்கிறது. பேனா என்ற சொல்லே இல்லை. ரொக்கம் என்பதால் வங்கியும் கைவிரித்துவிட்டது. 14,500 பாட், போயே போச்சு.

போலியை எப்படிக் கண்டுபிடிப்பது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். வயிறு எரிகிறது, இவ்வளவுதான் வருகிறது. சாவிக்கொத்தில் ஒரு குட்டிக் காந்தம் வைத்துக்கொள்ளுங்கள். வெறும் தண்ணீரையாவது நிரப்பிக் காட்டச் சொல்லுங்கள். கார்டில் கொடுங்கள், மூன்று சதவீதம் போனால் போகட்டும். சந்தேகம் வந்தால் அங்கே இருக்கும்போதே சுற்றுலா போலீஸ் 1155க்கு அடியுங்கள். அப்புறம், அந்த ஊரில் 7% வாட் (மதிப்புக் கூட்டு வரி) உண்டு. வாட் திருப்பித் தரும் பலகை மாட்டிய கடையில் 2,000 பாட்டுக்கு வாங்கினாலே பயணிகளுக்குப் படிவம் தருவார்கள். நானும் கேட்டேன். "சின்னக் கடை சார், அதெல்லாம் இங்கே இல்லை" என்று சிரித்தார். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன்.