மலைச்சரிவில் விளையும் சிவப்பு வைன்கள்: டூரோவா, பிரியோராத்தா, வல்தெல்லினாவா?

இறக்குமதி வைனுக்கு விதிக்கப்படும் வரிகளால் கொழும்பில் ஒரு நல்ல போத்தலின் விலை ஏறிவிடுவதால், வாங்குவதற்கு முன் சற்று யோசிப்பது நல்லது. மலைச்சரிவில் படித்தட்டுகள் அமைத்து விளைவிக்கப்படும் சிவப்பு வைன்கள் என்றால் போர்த்துக்கலின் டூரோ, ஸ்பெயினின் பிரியோராத், இத்தாலியின் வல்தெல்லினா ஆகிய மூன்றும் ஒரே வரிசையில் வைத்துப் பேசப்படுகின்றன. மூன்றிலும் சரிவு செங்குத்தானது, அறுவடை பெரும்பாலும் கைவேலைதான். ஆனால் படித்தட்டு எதற்காகக் கட்டப்பட்டது என்ற கேள்விக்கு மூன்று இடங்களும் ஒரே பதிலைத் தருவதில்லை. சுவை வேறுபடுவதும் பெருமளவில் அதனால்தான்.

டூரோவின் எல்லைகள் 1756இலேயே வரையறுக்கப்பட்டன. அதன் மேற்பகுதி 2001இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. மேற்கே மராவோ மலைத்தொடர் அத்திலாந்திக் மழையை மறிப்பதால், டூரோ ஆற்றோடு உள்ளே போகப் போக வெயிலும் வறட்சியும் கூடுகின்றன. தமது காலநிலையை 'ஒன்பது மாதம் குளிர், மூன்று மாதம் நரகம்' என்று அவ்வூரார் வர்ணிப்பது மிகைதான் என்றாலும் பொய்யன்று. இங்கே படித்தட்டின் முதல் வேலை, ஏடேடாகப் பிளக்கும் பாறையை உடைத்து உண்டாக்கிய மண்ணைப் பிடித்துவைப்பது. நெடுங்காலம் இனிப்பான போர்ட் வைனுக்கே பெயர்பெற்றிருந்த இப்பள்ளத்தாக்கில், இனிப்பற்ற உயர்தரச் சிவப்பு வைனுக்கு வழிகாட்டியது 1952இல் முதன்முதலாக உருவான பார்கா வெல்யா என்ற வைன். தூரிகா நசியொனால், தூரிகா பிராங்கா முதலிய பல திராட்சை வகைகள் கலந்த இந்த வைன்கள், கறுத்த பழச்சுவையும் மலர்மணமும் கொண்டவை; மூன்றில் விலைக்கேற்ற பயன் பெரும்பாலும் இங்கேதான் கிடைக்கும்.

கத்தலோனியாவின் பிரியோராத்தில் பழைய கொடிகள் பல, படித்தட்டே இல்லாத வெறும் சரிவில்தான் நிற்கின்றன. தட்டுகளில் கணிசமானவை 1980களுக்குப் பின் வெட்டப்பட்டவை. லிக்கொரெய்யா எனப்படும் கருமையான சிலேற்றுப் பாறையின் வெடிப்புகளில் வேர் ஆழமாக இறங்குகிறது. கொடியொன்றில் காய்ப்பது மிகச் சொற்பம் என்பதால், கர்னாச்சா, கரின்யேனா என்ற திராட்சை வகைகள் சேர்ந்து அடர்த்தியான, மதுசாரம் மிகுந்த வைனைத் தருகின்றன. 14.5 சதவீதமும் அதற்கு மேலும் இங்கே சாதாரணம். விலையும் அப்படியே.

வல்தெல்லினாவில் கதை தலைகீழ். மற்ற இரண்டு இடங்களிலும் வெயில் தேவைக்கு மிஞ்சியது. அல்ப்ஸ் மலைக்குள் கிழக்கு மேற்காகக் கிடக்கும் இப்பள்ளத்தாக்கிலோ வெயிலைத் தேடிப்பிடிக்க வேண்டியிருக்கிறது. அதனால்தான் அத்தா ஆற்றின் வடகரையில், தெற்கு நோக்கிய சரிவில், காரை பூசாத கற்சுவர்கள் அடுக்கடுக்காக எழுப்பப்பட்டுள்ளன; அவற்றின் மொத்த நீளம் சுமார் 2,500 கிலோமீற்றர் என்று சொல்வார்கள். பகலில் வாங்கிய சூட்டைக் கல் இரவில் திருப்பிக் கொடுப்பதால், தாமதமாகவே பழுக்கும் நெபியோலோ என்ற திராட்சை அவ்வளவு வடக்கிலும் பழுத்துவிடுகிறது. மலையகத்தின் தேயிலைச் சரிவுகளில் மண்ணரிப்பைத் தடுக்கும் கற்கட்டுகளைப் பார்த்துப் பழகிய நமக்கு, சுவரே அடுப்பாகவும் வேலை செய்வது புதுமையாகத் தோன்றும். இந்த வைன் நிறத்தில் வெளிறியது, புளிப்பில் கூர்மையானது, துவர்ப்பும் உடையது. பாரம் மட்டும் இல்லை.

யாழ்ப்பாணத் தூள் போட்ட ஆட்டிறைச்சிப் பிரட்டலுக்குப் பக்கத்தில் வைத்தால் தரவரிசை மாறிவிடுகிறது. மதுசாரம் கூடிய வைன் மிளகாயின் எரிவை மேலும் தூண்டும் என்பதால், தனித்து அருந்தும்போது மூன்றிலும் கம்பீரமாகத் தெரியும் பிரியோராத் இங்கே முதலில் விழுகிறது. காரம் குறைந்த மாட்டிறைச்சி ரோஸ்டுக்கும் குளிரூட்டிய அறைக்கும் அதை ஒதுக்குவதே நியாயம். டூரோ, மிளகு தூக்கலான கறிக்கு ஓரளவு ஈடுகொடுக்கும். என் தெரிவு, இளமையிலேயே வெளியிடப்படும் ரொஸ்ஸோ டி வல்தெல்லினா. கொழும்பின் அறை வெப்பநிலை முப்பது பாகை செல்சியசை ஒட்டியே இருப்பதால், போத்தலை அரை மணி நேரமாவது குளிர்சாதனப் பெட்டியில் வைத்த பின்பே திறக்க வேண்டும். சூடேறிய நெபியோலோவில் துவர்ப்பைவிட மதுசாரமே முந்திக்கொண்டு நிற்கும். சுட்டியில் ஸ்ஃபோர்சாத்தோ என்று இருந்தால் அது உலர்த்திய திராட்சையில் செய்தது, குறைந்தது 14 சதவீத மதுசாரம் கொண்டது. பெயரில் வல்தெல்லினா இருந்தாலும், காரமான கறிக்கு அதுவும் பிரியோராத்தின் கட்சியே.