கோபிக்கும் கோபாலபுரத்துக்கும் நடுவில் ஒரு டாக்சி

சிங்கப்பூரிலிருந்து கோயம்புத்தூருக்கு விமானத்தில் நாலரை மணி நேரம்கூட ஆகாது. விமான நிலையத்திலிருந்து கோபி, அதாவது எங்கள் கோபிசெட்டிபாளையம், எண்பது கிலோமீட்டர். ராத்திரி நேரத்தில் இரண்டு மணி நேரத்தில் போய்விடலாம். நான் தரையிறங்கியது பத்தரைக்கு. சித்தப்பா வீட்டு வாசலில் இறங்கியபோது மணி இரண்டு. நடுவில் என்ன நடந்தது என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

தையில் சித்தப்பா மகளுக்குக் கல்யாணம். "நாங்க வண்டி அனுப்பறோம் கண்ணு, நீ ஏன் வெசனப்படற?" என்றார் சித்தப்பா. கல்யாணத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது ஒரு வீட்டில் வண்டிக்கும் ஆளுக்கும் எவ்வளவு இழுபறி என்று எனக்குத் தெரியாதா? "வேண்டாங்க சித்தப்பா, இங்கிருந்தே புக் பண்ணிட்டேன்" என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். ஆறு வயது மகன், இரண்டு பெரிய பெட்டி, ஒரு தோள் பை. பத்து வருடம் வெளியூரில் இருந்துவிட்டு இதைக்கூடச் சமாளிக்க முடியாதா என்ற நினைப்பு.

உலகத்தில் எந்த விமான நிலையத்துக்கும் வண்டி பிடித்துத் தரும் ஒரு தளம் அது. பெயர் வேண்டாம். 92 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கட்டினேன், நம்ம கணக்கில் ஆறாயிரம் ரூபாய்க்கு மேல். கோட்டு சூட்டு போட்ட டிரைவர் ஒருவர் பெயர்ப் பலகையோடு சிரித்துக்கொண்டு நிற்கிற படம் போட்டிருந்தார்கள். இறங்குமிடத்தில் கோபி என்று தட்டியதுமே அதுவாக ஏதோ ஒரு முகவரியை நிரப்பிக்கொண்டது. நான் மேப்பைத் திறந்து பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இந்தக் கட்டுரை இரண்டு பத்தியில் முடிந்திருக்கும்.

பெட்டிகளை எடுத்துக்கொண்டு வெளியே வந்தால், பலகையும் இல்லை, கோட்டும் இல்லை. கோவை விமான நிலையத்துக்கு வண்டி சொன்னவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கும். டிரைவர்கள் உள்ளே வந்து காத்திருக்க மாட்டார்கள். பார்க்கிங் காசு ஏறும் என்பதால் வெளியே ரோட்டோரம் எங்காவது நிறுத்திவிட்டு, நாம் பெட்டியோடு வாசலுக்கு வந்து போன் அடித்த பிறகுதான் கிளம்புவார்கள். அதில் தப்பில்லை. ஆனால் அதற்கு நாம் அடிக்கும் போனை அவர் எடுக்க வேண்டும். என் போனில் சிங்கப்பூர் சிம். இந்தக் காலத்தில் வெளிநாட்டு எண்ணிலிருந்து போன் வந்தால், ஏமாற்றுக்காரன் என்று நம்ம ஊரில் யாரும் எடுப்பதில்லை. ஆறு தடவை அடித்தேன். அவர் போட்டிருக்கும் ரீசார்ஜில் வெளிநாட்டுக்குத் திருப்பிக் கூப்பிடவும் முடியாது. வாட்ஸ்அப்பில் பேசலாம் என்றால், ரோமிங் டேட்டா போடாமல் வந்தது என் கஞ்சத்தனம்.

பக்கத்தில் அன்னூர்க்காரர் ஒருவர் அவருடைய அம்மாவை அழைத்துப் போக வந்திருந்தார். "ஏனுங்க்கா, ஆரையோ தேடறாப்ல இருக்குது?" என்று அவராகவே கேட்டு அவர் போனைக் கொடுத்தார். முதல் மணியிலேயே டிரைவர் எடுத்துவிட்டார். "சித்ராகிட்டதானுங்க்கா நிக்கறேன், அரை மணி நேரமா. அஞ்சே நிமிஷம்." சித்ரா என்பது அவிநாசி ரோட்டிலிருந்து விமான நிலையத்துக்குத் திரும்பும் சந்திப்பு.

வந்தவர் இருபத்தைந்து வயதுப் பையன். பனியனுக்கு மேலே சட்டை, அதற்கு மேலே குளிருக்கு ஒரு துண்டு. மஞ்சள் போர்டு வண்டிதான், அதை முதலில் பார்த்துக்கொண்டேன். வெள்ளை போர்டு சொந்த வண்டியை வாடகைக்கு ஓட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வழியில் ஏதாவது ஆனால் இன்சூரன்ஸில் இழுத்தடிப்பார்கள், ராத்திரியில் பிள்ளையோடு அதில் ஏறக் கூடாது. டிக்கியைத் திறந்தால் பாதி இடத்தில் சிஎன்ஜி சிலிண்டர் படுத்திருக்கிறது. ஒரு பெட்டி சாய்ந்தபடி உள்ளே போனது. இன்னொன்றை முன்சீட்டில் உட்காரவைத்து சீட் பெல்ட்டும் போட்டுவிட்டார் அந்தத் தம்பி. 'நான்கு பேர், மூன்று பெட்டி' என்று தளத்தில் போட்டிருந்தது எந்த வண்டிக்கோ. இப்போது கோவைப் பக்கம் டாக்சிகளில் நிறைய சிஎன்ஜிதான். பெட்டி இரண்டுக்கு மேல் இருந்தால் புக் பண்ணும்போதே "டிக்கி காலியா இருக்குமுங்களா?" என்று கேட்டுவிடுங்கள். மேலே கேரியர் இருந்தால் கவலையில்லை.

வண்டி நகர்ந்ததும் அவர் சொன்னார், "பாலத்துல ஏறுனா கால் மணி நேரத்துல கோபாலபுரம் போயிரலாமுங்க்கா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கோபாலபுரம் கோவை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. தளம் அதுவாக நிரப்பிக்கொண்டது எது என்று அப்போதுதான் விளங்கியது. இத்தனைக்கும் 'கோபிசெட்டிபாளையம், பேருந்து நிலையம் அருகில்' என்று குறிப்புப் பெட்டியில் நான் எழுதித்தான் இருந்தேன். அந்தக் குறிப்பு தளத்திலிருந்து ஒரு ஏஜென்சிக்கும், அங்கிருந்து இன்னொரு டிராவல்ஸுக்கும், அங்கிருந்து இந்தப் பையனின் வாட்ஸ்அப்புக்கும் வந்து சேர்வதற்குள் எங்கோ உதிர்ந்துவிட்டது. அவருக்கு வந்த மெசேஜைக் காட்டினார். என் பெயர், விமான எண், கோபாலபுரம், 650 ரூபாய். அவ்வளவுதான். நான் கட்டிய ஆறாயிரத்தில் வண்டி ஓட்டுகிறவர் கைக்கு வந்து சேர்வது 650.

விமான நிலைய ரோட்டோரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, அந்தத் தம்பியின் போனிலேயே டேட்டாவைப் பகிர்ந்துகொண்டு உதவி எண்ணுக்குப் பேசினேன். வெகுநேரம் இசை. அப்புறம் ஒரு குரல், முகவரி நீங்கள் தேர்ந்தெடுத்ததுதான், மாற்றுவதென்றால் புதிதாகப் புக் செய்யுங்கள், புகாரை மின்னஞ்சலில் அனுப்புங்கள் என்றது. மகன் பின்சீட்டில் தூங்கிப் போயிருந்தான். இந்தப் பேச்சிலேயே மணி பன்னிரண்டை நெருங்கிவிட்டது.

அந்தத் தம்பி என்னை இறக்கிவிட்டிருக்கலாம். "எனக்கு இது டிராப் மட்டுந்தானுங்க்கா. கோபின்னா வரும்போது காலியாத்தான் வரோணும். ரிட்டர்ன் ஆரு குடுப்பாங்க?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. எவ்வளவு என்றேன். விரலை மடக்கிக் கணக்குப் போட்டு 2,400 என்றார், டோலும் சேர்த்து. சரி என்றேன்.

அந்த 2,400 அநியாயமா என்று அடுத்த நாள் விசாரித்தேன். இல்லை. ஊர்ப் பக்கம் ஒன்வே 'டிராப் டாக்சி'க்காரர்கள் பலரும் சொல்லும் கணக்கு ஏறக்குறைய ஒன்றுதான்: சின்ன காருக்குக் கிலோமீட்டருக்கு 14 ரூபாய் சுமார், குறைந்தபட்சம் 130 கிலோமீட்டர், டிரைவர் பேட்டா தனி, டோல் தனி. எனக்கு எண்பது கிலோமீட்டர்தானே என்று பேரம் பேசிப் பிரயோஜனமில்லை, 130-க்குத்தான் காசு. 1,820 ஆயிற்றா, பேட்டா 400, டோல். 2,400-க்குப் பக்கத்தில் வந்து நின்றுவிடும். வெளிநாட்டிலிருந்து வருகிற நிறைய பேர் கிலோமீட்டர் ரேட்டை மட்டும் பார்த்துவிட்டு, இறங்கும்போது சண்டை போடுகிறார்கள். அந்தக் குறைந்தபட்சக் கிலோமீட்டரை முதலில் கேட்டுவிட்டால் பாதிச் சண்டை மிச்சம். டோலுக்கு இன்னொன்று. 'போக வர டோல்' என்று இரண்டு மடங்கு கேட்பார்கள். ஃபாஸ்டேக்கில் இருபத்துநாலு மணி நேரத்துக்குள் அதே சாவடியில் திரும்பினால் திரும்பும் கட்டணம் பாதிதான். கணியூர் சாவடிக்கு ஒன்றரை மடங்கு கொடுத்தால் போதும்.

நீலாம்பூர், கணியூர், கருமத்தம்பட்டி, அவிநாசி. அங்கே ஹைவேயை விட்டு இடது பக்கம் திரும்பி சேவூர், நம்பியூர். நம்பியூர் தாண்டியதும் கண்ணாடியை இறக்கினேன். நெல்லும் வாழையும் நனைந்த வாடை. தம்பி அடுத்த மாதம் வண்டி டியூ முடிகிற கதையைச் சொல்லிக்கொண்டே வந்தார். வீட்டு வாசலில் பந்தல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கையில் ரூபாய் இல்லை, என் கணக்கில் யுபிஐ போட்டும் வைத்திருக்கவில்லை. சித்தப்பா துண்டை உதறிக் கொண்டே வந்து 2,400-ஐ எண்ணிக் கொடுத்தார். மேலே நூறு, டீக்கு. பெருமையாகப் புக் பண்ணிய வண்டிக்கு, கல்யாண வீட்டுக்காரர் ராத்திரி இரண்டு மணிக்குக் காசு கொடுக்கிறார். "இதுக்குத்தான் நான் அனுப்பறேன்னு சொன்னது" என்று ஒரு வார்த்தை அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

(யுபிஐ பற்றி: சிங்கப்பூர், அமீரகம் உட்படச் சில நாடுகளின் போன் எண்ணோடு என்ஆர்ஓ அல்லது என்ஆர்இ கணக்கு (வெளிநாட்டில் வாழும் இந்தியர்களுக்கான வங்கிக் கணக்கு) வைத்திருப்பவர்கள் யுபிஐ போட்டுக்கொள்ளலாம், 2023-லிருந்தே. கிளம்பும் முன் போட்டுவிட்டு வாருங்கள்.)

கல்யாணம் நன்றாக நடந்தது. அது இங்கே வேண்டாம். கோபியிலிருந்து வடவள்ளியில் அக்கா வீட்டுக்குப் போக, கல்யாண வீட்டுக்கு ஒறம்பரையை (உறவினர்களை) ஏற்றி வந்த டிஎன் 36 வண்டி, அதாவது கோபிப் பதிவு வண்டி, ஒன்றே கிடைத்தது. பேசியது, ஏறியது, இறங்கியது, சொல்ல ஒன்றுமில்லை.

திரும்பும் நாள்தான் சோதனை. தைப்பூசத்துக்கு முந்தின நாள். வடவள்ளி மருதமலை ரோட்டில்தான் இருக்கிறது. தைப்பூசம் என்றால் காவி வேட்டியும் பச்சை வேட்டியும் காவடியுமாக அந்த ரோடு நிறைந்துவிடும். விமானம் ராத்திரி பதினொன்றுக்கு மேல். எட்டு மணிக்குள் விமான நிலையத்தில் இருக்க வேண்டும், அதாவது ஆபீஸ் விடுகிற நேரத்தில் ஊரைக் குறுக்கே கடக்க வேண்டும்.

மாமா ஆப்பில் போட்டுப் பார்த்தார். எந்த ஆப் என்று கேட்காதீர்கள். ஒரு டிரைவர் ஒப்புக்கொள்வார், போன் அடித்து "டிராப் எங்கீங்க?" என்பார், ஏர்போர்ட் என்றதும் கேன்சல். மூன்று பேர் இப்படி. இந்த நேரத்தில் டவுனுக்குள் போய் மாட்டிக்கொண்டால் அவர்களுக்கு இரண்டு சவாரி போச்சு, அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது.

"பாலம்தான் வந்திருச்சே" என்றேன் நான். உப்பிலிபாளையத்திலிருந்து கோல்ட்வின்ஸ் வரை 10.1 கிலோமீட்டர், 2025 அக்டோபரில் திறந்த அவிநாசி ரோடு மேம்பாலம். ஜி.டி. நாயுடு பெயரை வைத்திருக்கிறார்கள். 1920-ல் ஒரே ஒரு பஸ்ஸை வைத்துப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் ஓட்ட ஆரம்பித்தவர் பெயரைச் சாலைப் பாலத்துக்கு வைத்ததில் எனக்கு ஒரு சந்தோஷம். ஆனால் மாமா சிரித்தார். "பாலத்துல பத்து நிமிஷம். பாலத்தைத் தொடறதுக்கு ஒரு மணி நேரம்." லாலி ரோட்டைத் தாண்டி டவுனுக்குள் நுழைந்து உப்பிலிபாளையம் போய்ச் சேர்வதுதான் பாடு. போதாக்குறைக்குப் பல சந்திப்புகளில் சிக்னலை எடுத்துவிட்டு யூ-டர்ன் வைத்திருக்கிறார்கள். எதிர்ப்பக்கம் தெரிகிற கடைக்குப் போக அரைக் கிலோமீட்டர் தள்ளிப் போய்த் திரும்பி வர வேண்டும். இன்னொன்று, பாலம் இறங்கும் கோல்ட்வின்ஸ், விமான நிலையத்துக்குத் திரும்பும் சித்ராவைத் தாண்டித்தான் இருக்கிறது. கடைசி வரை மேலேயே போய்விட்டால் கீழே வந்து திரும்பியாக வேண்டும்.

கடைசியில் மாமா வடவள்ளி ஸ்டாண்டில் இருக்கும் ஒரு பெரியவரைக் கூப்பிட்டார். அறுபது வயது இருக்கும். நெற்றியில் திருநீறு, டேஷ்போர்டில் வேல். வந்ததும் வண்டியை அணைத்துவிட்டு முதலில் என் விமான நேரத்தைக் கேட்டார். அப்புறம் பெட்டியைத் தூக்கிப் பார்த்தார். அப்புறம் சொன்னார், "லாலி ரோடு போனா நிக்கோணும். கணுவாய் போனா சுத்தோணும். எது வேணுமுங்க அம்மிணி?"

"சுத்தலாங்கண்ணா."

"ஆயிரத்தி இருநூறுங்க. வேற ஒண்ணுங் கெடையாது."

எந்த வழி, எவ்வளவு, எதற்காக. மூன்றும் வண்டியில் ஏறும் முன்னாலேயே முடிந்துவிட்டது. 92 வெள்ளி கட்டிய இடத்தில் இந்த மூன்றில் ஒன்றைக்கூட யாரும் என்னிடம் பேசவில்லை.

சோமையம்பாளையம், கணுவாய், துடியலூர், வெள்ளக்கிணறு. மருதமலையின் விளக்குகள் பின்னால் மெல்லச் சின்னதாகிக்கொண்டே வந்தன. சரவணம்பட்டியில் மட்டும் ஐடி கம்பெனி விட்ட கூட்டத்தில் சத்தி ரோட்டைக் கடக்கப் பன்னிரண்டு நிமிடம் நின்றோம். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டு, "இதோட சரிங்க அம்மிணி, இனி காளப்பட்டி ரோடுதான்" என்றார். அப்படியே ஆனது. ஏழு நாற்பதுக்கு விமான நிலைய வாசல். லாலி ரோடு வழியாகக் கிளம்பிய அக்காவின் பக்கத்து வீட்டுக்காரர் அப்போதுதான் காந்திபுரம் பக்கம் இருந்தாராம்.

ஊருக்குப் போகிறவர்கள் கேட்டால் இப்போது ஒன்றுதான் சொல்கிறேன். யாரிடம் வேண்டுமானாலும் புக் பண்ணுங்கள், ஆனால் கிளம்புவதற்கு முந்தின நாள் ஓட்டி வரப் போகிற டிரைவரின் வாட்ஸ்அப் எண்ணை வாங்கி, உங்கள் வாயால் ஊர் பெயரைச் சொல்லி, அவர் வாயால் திருப்பிச் சொல்லக் கேளுங்கள். எண் தர மாட்டோம், வண்டி வரும்போது தானாக வரும் என்று சொன்னால், சித்தப்பாவையே வண்டி அனுப்பச் சொல்லிவிடுங்கள்.

புகார் மின்னஞ்சலுக்கு இன்னும் பதில் இல்லை. போன வாரம் அந்தத் தளத்திலிருந்து ஒன்று வந்தது, ஆவலோடு திறந்தேன். கோபாலபுரத்துக்கு நான் போன பயணம் எப்படி இருந்தது, ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் தருவேன் என்று கேட்டிருக்கிறார்கள்.