செல்ஃப் டெஸ்ட் ஓகேன்னு சொல்லுச்சு, ஸ்பீக்கர் செத்துக் கிடந்துச்சு: ரெண்டு வருஷ ஆக்ஸிமீட்டர் அனுபவம்

ரத்தத்துல ஆக்ஸிஜன் எவ்ளோ இருக்குன்னு காட்டுற ஆக்ஸிமீட்டர் மெஷின் சர்வீஸ்ல இருந்து திரும்பி வந்து பத்து நாள் ஆச்சு. நண்பர் ஒருத்தர் அவங்க அம்மாவுக்கு இதே மாடல் வாங்கலாமான்னு கேட்டிருந்தார், அவருக்கு போன்ல பாதிதான் சொன்னேன், மீதி இங்க.

இது விரல் கிளிப் இல்ல, விரல்ல மாட்டுற சென்சார், அதாவது புரோப், வயர்ல வர, தலைமாட்டுல வைக்கிற, அலாரம் உள்ள டைப். அப்பாவுக்கு சிஓபிடி (நாள்பட்ட நுரையீரல் நோய்), ராத்திரி ஆக்ஸிஜன் குடுக்குற கான்சன்ட்ரேட்டர் மெஷின் போட்டுத்தான் தூங்குறார், தினமும் இது ஓடும்.

ஆன் பண்ணா எல்லா லைட்டும் ஒரு தடவ மின்னும், ஒரு பீப், அப்புறம் செல்ஃப் டெஸ்ட் ஓகேன்னு வரும். அந்த ஓகேவை நம்பித்தான் நான் தூங்கப் போவேன். ஒரு நாள் விடிகாலைல தண்ணி குடிக்க எந்திரிச்சா அப்பா ரூம்ல சிவப்பு லைட்டு விட்டு விட்டு எரியுது, சத்தமே இல்ல. மூக்குல இருந்த டியூப் நழுவி தலகாணி பக்கம் கிடக்கு, ஸ்க்ரீன்ல ஆக்ஸிஜன் 81 சதவீதம். மாட்டி விட்டதும் கொஞ்ச நேரத்துல 89க்கு வந்துட்டார், எனக்குத்தான் கை நடுக்கம் நிக்கல. மியூட்ல இருக்கான்னு பாத்தா இல்ல, வால்யூம் ஃபுல். ஆஃப் பண்ணி ஆன் பண்ணேன், மறுபடியும் செல்ஃப் டெஸ்ட் ஓகே, பீப் மட்டும் வரல.

ஸ்பீக்கர் வயர் விட்டுப் போயிருக்குன்னு சர்வீஸ்ல சொன்னாங்க. விஷயம் என்னன்னா மெமரி, பேட்டரி, புரோப் இதையெல்லாம் சர்க்யூட்டே பாத்துக்குது, ஆனா ஸ்பீக்கருக்கு சிக்னல் அனுப்பினதோட இந்த மெஷின் வேலை முடிஞ்சுது, சத்தம் வெளிய வந்துச்சான்னு கேக்க அதுக்கு காது கிடையாது. பீப் கேக்கலன்னா யூஸ் பண்ணாதீங்கன்னு மேனுவல்ல இருக்கு, ஒத்துக்கிறேன், நான் கவனிக்கல. ஆனா தனக்கே தெரியாத விஷயத்துக்கும் சேத்து ஓகேன்னு ஏன் போடணும்? பீப் கேட்டுச்சா, கேட்டா பட்டனை அமுக்குங்கன்னு ஒரு வரி போட்டா போதுமே! எத்தன நாளா ஊமையா இருந்துச்சுன்னு நினைச்சா இப்பவும் வயித்தக் கலக்குது.

இப்ப தினமும் ராத்திரி புரோப்பை முதல்ல என் விரல்ல மாட்டி, லோ லிமிட்டை, அதாவது எந்த அளவுக்கு கீழ போனா அலாரம் அடிக்கணுமோ அதை, 99க்கு ஏத்திடுறேன். எனக்கு 97, 98தான் வரும், அலாரம் அடிச்சே ஆகணும். பெரிய அலாரம்னா வரிசையா பத்து பீப், நடுத்தரம்னா மூணு, மெடிக்கல் மெஷின் அலாரங்களுக்கான ஐஇசி 60601-1-8ங்கிற சர்வதேச தரத்துல அப்படித்தான் வச்சிருக்காங்க. அந்த பத்து பீப் என் ரூம்ல கதவை சாத்தினாலும் கேக்குதான்னும் ஒரு தடவ பாத்துக்கிட்டேன். முடிஞ்சதும் மறக்காம டாக்டர் சொன்ன 86க்கு இறக்கணும். பேட்டரி கழட்டி மாட்டினா லிமிட் தானா 90க்கு போயிடும், அது இன்னொரு தலைவலி, அப்பாவுக்கு டார்கெட்டே 88ல இருந்து 92தான், 90ல விட்டா ராத்திரி பூரா கத்தும், கடைசில யாராச்சும் வெறுத்துப்போய் மியூட் பண்ணிடுவாங்க.

அப்புறம் ஓகேன்னா நம்பரும் கரெக்ட்னு அர்த்தம் இல்லைங்க. விரல் சில்லுன்னு இருந்தாலோ நெயில் பாலிஷ் இருந்தாலோ தப்பா காட்டும், செல்ஃப் டெஸ்ட் அதை கண்டுபிடிக்காது.

நான் எதிர்பாக்காத சந்தோஷம் ஒண்ணு இருக்கு, பல்ஸ் டோன். அப்பாவுக்கு தொந்தரவுன்னு முன்னாடியே ஆஃப் பண்ணி வச்சிருந்தேன், அது ஓடியிருந்தா ஸ்பீக்கர் போன அன்னைக்கே தெரிஞ்சிருக்கும். இப்ப குறைஞ்ச சத்தத்துல விட்டிருக்கேன், அப்பாவும் பழகிட்டார். ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு சத்தம், ஆக்ஸிஜன் இறங்க இறங்க சுருதியும் இறங்கும், ஸ்க்ரீனை பாக்கவே வேணாம், கண்ண மூடிட்டு படுத்திருந்தாலே அப்பா எப்படி இருக்கார்னு தெரியுது. எவ்ளோ அருமையான யோசனை!

நண்பருக்கு என் பதில், இந்த மாடல் வேணாம், ஊமையா இருந்துக்கிட்டு ஓகே சொல்ற மெஷினை இன்னொரு வீட்டுக்கு நான் சொல்ல மாட்டேன். என்கிட்ட இருக்கிறதை மாத்துற எண்ணமும் இல்ல. நேத்து ராத்திரி சுருதி லேசா இறங்கினப்பவே முழிப்பு வந்துடுச்சு, போய் பாத்தா 87, அலாரம் அடிக்கிறதுக்கு முன்னாடியே டியூபை சரி பண்ணிட்டு வந்து படுத்தேன்.