கடலூர்க்காரர்கள் கவனத்துக்கு: பொருட்காட்சியில் வாங்கிய குங்குமப்பூ

போன மாதம் மஞ்சக்குப்பம் மைதானத்துப் பொருட்காட்சிக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். வளையல், ஊறுகாய் கடைகளுக்கு நடுவே ஒரு குங்குமப்பூக் கடை. "காஷ்மீர் பாம்பூர்லேருந்து நேரா வர்ற சரக்கும்மா. தினம் ஒரு சிட்டிகை பால்ல போட்டுக் குடிங்க. தூக்கம் வரும், மூட்டு வலி போகும், சுகர், பிரஷர் எல்லாம் இறங்கிடும்" என்றார் கடைக்காரர். அம்மாவுக்கு ஒரு வருடமாகச் சரியான தூக்கமில்லை. 5 கிராம் டப்பா 700 ரூபாய் என்று இரண்டு வாங்கினோம்.

கிராம் 140 ரூபாய் என்பதிலேயே நான் விழித்திருக்க வேண்டும். ஒரு பூவில் இருப்பது மூன்றே மூன்று சிவப்பு இழை. ஒரு கிலோ சேர்க்கச் சுமார் ஒன்றரை லட்சம் பூக்களைக் கையால் பறித்தாக வேண்டும். அது இந்த விலைக்கு எப்படிக் கட்டும்?

வீட்டில் போட்டதுமே பால் செக்கச்செவேல் என்று ஆகிவிட்டது. "கலரைப் பாரு, ஒரிஜினல்!" என்று எல்லோருக்கும் சந்தோஷம். அண்ணி ஐந்து மாதக் கர்ப்பிணி, அவருக்கும் ஒரு டம்ளர். குழந்தை சிவப்பாகப் பிறக்குமாம். (தோல் நிறம் அப்பா அம்மாவிடமிருந்து வருவது, டம்ளரிலிருந்து அல்ல என்று நான் சொன்னது யார் காதிலும் விழவில்லை.)

மூன்று வாரம் கழித்து அண்ணியின் தம்பி லீவில் வந்தார். ராணுவத்தில் ஸ்ரீநகர் பக்கம் வேலை. அவர் கொண்டுவந்த ஒரு கிராமைத் திறந்ததும்தான் எங்கள் டப்பாவில் வாசனையே இல்லை என்பது உறைத்தது. இரண்டு கண்ணாடி டம்ளரில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி இரண்டையும் போட்டுப் பார்த்தோம். எங்களுடையது கண்மூடித் திறப்பதற்குள் தண்ணீரைச் சிவப்பாக்கிவிட்டு வெளுத்துப்போனது. விரலில் தேய்த்தால் நார். சாயம் போட்ட சோள நாராக இருக்கலாம். அவருடையது கால் மணி நேரம் எடுத்துக்கொண்டு மெல்லப் பொன் மஞ்சளாக இறங்கியது, இழை சிவப்பாகவே கிடந்தது. வாயில் போட்டால் கசப்பு. எங்களுடையது இனித்தது! எதைப் பார்த்து ஒரிஜினல் என்று மகிழ்ந்தோமோ, அதுதான் போலிக்கு அடையாளம். ஆனால் நல்ல பூவோடு கலப்படம் செய்திருந்தால் இந்தத் தண்ணீர் சோதனையில் சிக்காமலும் போகலாம்.

பணம் போனது கூடப் பரவாயில்லை. "இனிமே மாத்திரையே தேவைப்படாதும்மா" என்று அந்த ஆள் சொன்னதை நம்பி, அம்மா ஒன்பது நாளாகப் பிரஷர் மாத்திரையை நிறுத்தியிருக்கிறார். தலைசுற்றல் என்று கூட்டிப்போனபோது 170க்கு 100. டாக்டர் திட்டிய திட்டு எனக்குத்தான்.

குங்குமப்பூவே வீண் என்று சொல்லவில்லை. லேசான மனச்சோர்வுக்குத் தினம் 30 மில்லிகிராம் அளவில் கொடுத்துப் பார்த்த சிறிய ஆய்வுகள் உண்டு, பெரும்பாலும் ஈரானில். ஓரளவு பலன் தெரிந்திருக்கிறது. 30 மில்லிகிராம் என்பது பதினைந்து இழை போல வரும். ஆனால் அது பிரஷர் மாத்திரைக்கு மாற்று இல்லை. கர்ப்பிணிகளுக்கு அளவு மீறினால் ஆபத்தும்கூட. அண்ணி டாக்டரிடம் சொல்லி, நிறுத்திவிட்டார்.

டப்பாவில் தால் ஏரிப் படம் இருக்கிறது. முகவரி இல்லை, 14 இலக்க உணவு உரிம எண் இல்லை. போன் சுவிட்ச் ஆஃப். மைதானத்தில் இப்போது முளைக்குச்சிகள்தான் மிச்சம். நுகர்வோர் புகார் உதவி எண் 1915க்குப் போட்டால் ரசீது கேட்டார்கள். நாங்கள் வாங்கவே இல்லை.

இவர்கள் அடுத்து பண்ருட்டி, சிதம்பரம் என்று எங்காவது கடை விரிப்பார்கள். அதே ஏரிப் படம் போட்ட டப்பா உங்கள் வீட்டிலும் இருந்தால், இன்றைக்கே தண்ணீரில் போட்டுப் பாருங்கள். அப்படியே வீட்டுப் பெரியவர்களின் மாத்திரை அட்டையையும் எண்ணிப் பாருங்கள்.