விசைப்படகு மீனா, நாட்டுப்படகு மீனா?

நம்ம காரைக்குடி மார்க்கெட்டுக்கு தொண்டி, ஜெகதாப்பட்டினம் பக்கத்துல இருந்து ரெண்டுமே வருது. விசைப்படகு மீன் நிறைய கிடைக்கும், விலையும் கொஞ்சம் கம்மி, ஆனா இழுவைமடி (படகு பின்னாடி இழுத்துட்டுப் போற பை மாதிரி வலை) கடல் தரையையே வழிச்சுட்டு வருதுங்க, விரல் நீளக் குஞ்சு மீன், சினை நண்டு, கடல்புல்லுன்னு எல்லாம் சேந்து வந்துடும், அந்தப் புல்லை மேஞ்சுதான் கடல்பசுங்கற பாலூட்டி உயிர் வாழுது, அதுக்காகத்தான் 2022-ல பாக் விரிகுடால 448 சதுர கிலோமீட்டரை கடல்பசு காப்பகமா அறிவிச்சாங்க.

நாட்டுப்படகு வலைல பெரும்பாலும் கண்ணி அளவுக்கேத்த மீன்தான் மாட்டும், அன்னைக்கே கரைக்கு வந்துடும், குழம்புல சதை உடையாது. ஏப்ரல் 15 - ஜூன் 14 விசைப்படகு மீன்பிடித் தடைக்காலத்துலயும் கிடைக்கும். வரத்து கம்மி, விலை கூட, இருந்தாலும் என் ஓட்டு இதுக்குத்தான். ஆனா எந்தப் படகுல வந்தாலும் அடிவயித்துல ஆரஞ்சு முட்டை ஒட்டியிருக்க நண்டை மட்டும் தயவுசெஞ்சு வாங்காதீங்க.