துருப்பிடித்த பிரேக் பைப்: வெட்டி ஒட்டுவதா, முழுசாக மாற்றுவதா?

பதினைந்து வருஷம் தாண்டிய ஆம்னி, மாருதி 800, டாடா சுமோ, டாடா ஏஸ் எல்லாம் வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் இன்னும் நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கின்றன. எப்.சி. புதுப்பிக்கிற நேரம் வந்தால் டிங்கரிங் பார்க்கிறோம், பெயிண்ட் அடிக்கிறோம், லைட்டெல்லாம் எரிகிறதா என்று பார்க்கிறோம். பிரேக் என்றால் ஷூவும் பேடும் தேய்ந்திருக்கிறதா என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டரில் கிளம்பி பின்சக்கரம் வரை வண்டிக்கு அடியிலேயே ஓடுகிற இரும்பு பைப்பை டார்ச் அடித்துப் பார்ப்பவர்கள் குறைவு. அதன் வெளிவிட்டம் பெரும்பாலான கார்களில் 4.75 மில்லிமீட்டர்தான். திடீரென்று முழு பலத்தோடு பெடலை மிதித்தால் அதற்குள் ஏறும் அழுத்தம் 100 பார் அளவுக்குப் போகும். கார் டயரில் இருக்கும் காற்றைவிட இது சுமார் ஐம்பது மடங்கு. அதனால்தான் துருவால் மெலிந்த பைப் மெதுவாக ஓட்டும்போது தாக்குப்பிடிக்கும். குறுக்கே ஆள் வந்து மிதிக்கும்போது வெடிக்கும்.

"நம்ம வேலூர்ல வெயில்தான், பைப் எப்படி துருப்பிடிக்கும்?" என்று பலர் கேட்கிறார்கள். பனி பெய்யும் நாடுகளில் ரோட்டில் உப்புத் தூவுவதால் வண்டியின் அடிப்பகுதி அரிக்கிறது என்று படித்திருப்பார்கள். நமக்கு அந்த உப்பு இல்லை என்பது சரிதான். ஆனால் இந்தப் பகுதிக்கென்றே வேறு உப்பு இருக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை தோல் பதனிடும் ஷாப்புகளுக்கு வரும் பச்சைத்தோல் கெடாமலிருக்க உப்புப் போட்டுத்தான் வருகிறது. அந்த லோடு ஏற்றும் வேன்களில் தோலிலிருந்து வடியும் உப்புத் தண்ணீர் தரைத்தகட்டின் இடுக்கு வழியாக நேராக சேசிஸ் மேல் இறங்குகிறது. பிரேக் பைப் ஓடுவதும் அதே இடத்தில்தான். தோல் ஏற்றாத வண்டிக்காரர்களும் தப்பவில்லை. பாலாற்றுப் படுகையில் பல ஊர்களின் போர் தண்ணீர் உப்புக் கலந்தது. அந்தத் தண்ணீரில் வாரம் ஒருமுறை வண்டியைக் கழுவி அடிப்பகுதியை நனைத்தால் விளைவும் அதேதான். சென்னையில் கடற்கரை ஓரமாகக் கிடந்த வண்டியை மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கி வந்திருந்தால் இன்னும் உஷாராக இருக்க வேண்டும்.

பைப் முழுக்க ஒரே மாதிரி துருப்பிடிப்பதில்லை. கிளிப் பிடித்திருக்கும் இடத்தில்தான் சேறு அடைந்து ஈரம் காயாமல் நிற்கும். ஆம்னியை ரேம்பில் ஏற்றி, பின்பக்கம் போகும் பைப்பில் ஒரு கிளிப்பைக் கழற்றிப் பாருங்கள். இரண்டு பக்கமும் வழவழப்பாக இருக்கும். கிளிப்புக்கு அடியில் மட்டும் பைப் உப்பிக்கொண்டு, ஸ்குரு டிரைவர் நுனியால் சுரண்டினால் செதில் செதிலாக உதிரும். மேலே பழுப்பாக லேசான துரு மட்டும் இருந்து, கம்பி பிரஷ் போட்டதும் பளிச்சென்று இரும்பு தெரிந்தால் பயமில்லை. செதில் உதிர்ந்து பள்ளம் தெரிந்தால் அந்த பைப்பின் கதை முடிந்தது. அதற்குமேல் பெயிண்ட், கிரீஸ், அண்டர்கோட்டிங் எது பூசினாலும் பள்ளத்தை மறைக்குமே தவிர சுவரின் கனம் திரும்பி வராது.

சரி, பைப் போய்விட்டது. இனி என்ன செய்வது? இங்கே நமக்கு முன்னால் வைக்கப்படும் வழிகள் ஐந்தாறு இருக்கின்றன. எல்லாவற்றையும் ஒரே தராசில் வைக்க முடியாது. சிலது பேச்சுக்கே உதவாதவை.

முதலில் வருவது ஒட்டு. "இந்த ஒரு ஜாண் தாண்ணா போயிருக்கு, மீதியெல்லாம் நல்லாத்தான் கீது, வெட்டி ஒட்டிக் குடுத்துர்றேன்" என்பார் மெக்கானிக். ஒட்டுவதில் மூன்று விதம். பித்தளை வைத்துப் பற்றவைப்பது, தண்ணீர்க் குழாய்க்குப் போடும் வளையம் வைத்த ஜாயின்ட் போட்டு இறுக்குவது, இரண்டு முனைக்கும் நடுவே ரப்பர் ஹோஸ் செருகி கிளாம்ப் போடுவது. மூன்றாவது, பெட்ரோல் லைனுக்குச் செய்கிற வேலை. பிரேக்கில் செய்தால் முதல் அவசர மிதியிலேயே பிடுங்கிக்கொள்ளும். தண்ணீர் ஜாயின்ட் பிரேக் அழுத்தத்துக்காகச் செய்யப்பட்டதல்ல. பற்றவைப்பதில், சூடு பட்ட இடத்துக்குப் பக்கத்தில் மேல்பூச்சு எரிந்துபோய், அடுத்த மழைக்கு அங்கிருந்தே புதுத் துரு தொடங்கும். உள்ளே விழும் கசடு, சக்கரத்தில் பிரேக்கை அழுத்தும் வீல் சிலிண்டர் வரை போகும். இதையெல்லாம் விட எனக்குப் பெரிய கவலை வேறு. ஒரு ஜாண் அரித்திருக்கிறது என்றால், அதே வயசு, அதே சேறு, அதே உப்பு பட்ட மீதி பைப்பும் வரிசையில் நிற்கிறது. ஒட்டிய இடம் பலமாக இருந்தால் அடுத்த பலவீனமான இடம் வெடிக்கும், அவ்வளவுதான். இரண்டு முனையிலும் முறையாக பிளேர் போட்டு (அதாவது பைப்பின் முனையை விரித்து மடித்து), பிரேக்குக்கென்றே உள்ள யூனியன் என்ற இணைப்பு வைத்து, நல்ல பைப்போடு நல்ல பைப்பைச் சேர்ப்பது மட்டும் ஏற்கத்தக்க ஒட்டு. அதையும் நான் கடைசி வழியாகத்தான் வைப்பேன்.

பழைய இரும்புக் கடையில் இன்னொரு வண்டியிலிருந்து கழற்றிய பைப்பை எடுத்துப் போடுவதைப் பற்றி ஒரு வரிக்கு மேல் வேண்டாம். உங்கள் வண்டி போலவே வயசான வண்டியின் பைப் அது.

செப்பு பைப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பார்க்க ஆசையாக இருக்கும். துருப்பிடிக்காது, கையாலேயே வளையும், ஏ.சி., பிரிட்ஜ் வேலை பார்ப்பவர்களிடம் சுலபமாகக் கிடைக்கும். போட்ட அன்று பிரேக்கும் கச்சிதமாகப் பிடிக்கும். ஆனால் சுத்தச் செப்பு, அதிர அதிர இறுகி நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். பழைய டீசல் வண்டியின் அதிர்வும், நம் கிராமத்து ரோட்டின் குலுக்கலும் சேர்ந்து, பிளேரின் கழுத்தில் மயிரிழை விரிசலை உண்டாக்கும். துருவாவது கண்ணுக்குத் தெரிந்து எச்சரிக்கும், இந்த விரிசல் தெரியாது. வேண்டவே வேண்டாம்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் இதற்கு நேர் எதிர். துருவுக்கு அசையாது, பலமும் அதிகம். அந்தக் கடினமே சிக்கல்: சாதாரண பிளேர் கருவியால் அதன் முனையை இரண்டு மடிப்பாக மடிக்க முயன்றால் விளிம்பு பிளக்கும். மடிந்தாலும் எதிர்ப்பக்கத்தில் அது பொருந்தும் இடத்தில் நசுங்கி உட்காராமல் சொட்டுச் சொட்டாகக் கசியும். அதற்கென்று தனிக் கருவியும் தனிப் பொருத்தமும் வைத்திருப்பவரிடம் கொடுத்தால் சரி. வேலூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் ஒரு மத்தியானத்தில் முடிக்கிற வேலை அல்ல.

மிச்சம் இருப்பவைதான் உண்மையான போட்டி. ஒன்று, கம்பெனி பைப். அந்த மாடலுக்கென்றே வளைத்து, பிளேரும் நட்டும் போட்டு வருவது. மற்றொன்று, செப்பு-நிக்கல் கலவை பைப். தொண்ணூறு பங்கு செப்பு, பத்துப் பங்கு நிக்கல், கூடவே கொஞ்சம் இரும்பும் மாங்கனீசும்.

கம்பெனி பைப்பின் பெரிய பலம், மனிதக் கை தவறு செய்யும் இடத்தை அது குறைத்துவிடுகிறது. பிளேர் தொழிற்சாலையில் போட்டது, வளைவு அளவெடுத்தது, கிளிப்பில் சரியாக உட்காரும். மாருதி 800 உற்பத்தி நின்றே பல வருஷம் ஆகிவிட்டாலும், அந்தக் கார் இவ்வளவு விற்றதால் உதிரிபாகம் தேடினால் கிடைக்கும். அம்பாசடருக்கும் சில பழைய ஜீப்புகளுக்கும் அந்த நம்பிக்கை குறைவு. அங்கே இரும்பு பைப்பை நீளமாக வாங்கி அளவுக்கு வெட்டி, பிளேர் போட்டு உள்ளூரிலேயே செய்துகொள்ள வேண்டிவரும். அப்படிச் செய்யும்போது பிரேக்குக்கான இரட்டைச் சுவர் பைப்தானா, மேல்பூச்சு இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். பலவீனம் என்னவென்றால், அதுவும் இரும்புதான். பூச்சில் ஒரு கீறல் விழுந்தால் துரு மறுபடி தொடங்கும்.

செப்பு-நிக்கல் பைப்பில் அந்தக் கவலை கிடையாது. கப்பல்களில் கடல்நீர் ஓடும் குழாய்களுக்குப் பயன்படுத்தும் உலோகம் இது. வோல்வோ கார்களில் 1976 முதலே பிரேக் பைப்பாக வந்திருக்கிறது. சுத்தச் செப்பைவிட அதிர்வை நன்றாகத் தாங்கும். கையால் வளைக்கலாம், பிளேர் அழகாக விழும். தோல் லோடு வண்டிக்கு இதற்கு இணை எதுவும் இல்லை என்பது என் முடிவான கருத்து. குறை இரண்டு. விலை கூடுதல், எல்லாக் கடையிலும் இருக்காது, ஆர்டர் கொடுத்து வாங்க வேண்டியிருக்கும். அப்புறம், பார்க்க வெறும் செப்பு மாதிரியே இருப்பதால் மாற்றிக் கொடுத்தால் கண்டுபிடிப்பது கஷ்டம். ஏ.சி. செப்பு நல்ல சிவப்பாக இருக்கும், இதில் வெளிறிய சாயல் தெரியும். ஆனால் நிறத்தை மட்டும் நம்பாமல், பைப் மேல் கலவையின் பெயர் அச்சடித்திருக்கிறதா என்று பாருங்கள்.

எந்த பைப் போட்டாலும் உயிர் இருப்பது முனையில். பைப்பை ஹேக்ஸா பிளேடால் அறுக்க விடாதீர்கள். பைப் கட்டரால் சுற்றி வெட்டி, உள்விளிம்பின் பிசிரை எடுத்து, ஊதித் துகளை வெளியேற்ற வேண்டும். நட்டை முதலிலேயே நுழைத்துவிட்டு, கருவியில் முனையைக் குமிழாக்கி, பிறகு அதையே உள்ளே மடிக்க வேண்டும். ஜப்பான் வழி வந்த மாருதி போன்ற வண்டிகளுக்கு இந்த இரட்டை மடிப்பு. சில ஐரோப்பிய வண்டிகளுக்குக் குமிழோடு நிறுத்துவதுதான் முறை. ஒன்றுக்கு மற்றொன்றைப் போட்டு நட்டை எவ்வளவு முறுக்கினாலும் கசியும். இரட்டை மடிப்பு கேட்கும் வண்டிக்கு ஒற்றை மடிப்போடு நிறுத்துகிறவரிடம் வண்டியைக் கொடுக்கவே கூடாது.

எந்த வண்டிக்கு எது? ஊருக்குள்ளேயே காட்பாடி, சத்துவாச்சாரி, பாகாயம் என்று ஓடும், நிழலில் நிற்கும் காருக்குக் கம்பெனி இரும்பு பைப்பே போதும். கிடைக்கும்போது அதுதான் என் முதல் தேர்வு. உப்புத்தோல், மீன், ஈர மணல் ஏற்றும் வண்டிக்கும், உப்பு போர் தண்ணீரில் கழுவும் டாக்சிக்கும் செப்பு-நிக்கல். கிளிப்புகளுக்கு ரப்பர் உறை போட்டே பிடிக்க வேண்டும், வெறும் இரும்புக் கிளிப் அதன்மேல் உரசக் கூடாது. ஏலகிரி மலைக்கு அடிக்கடி ஏறி இறங்குபவர்கள் பைப்போடு பிரேக் ஆயிலையும் சேர்த்து யோசியுங்கள். அந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கையில் 205 டிகிரியில் கொதிப்பது, ஈரம் சேர்ந்தபின் 140 டிகிரியிலேயே கொதிக்கலாம். பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளிலும் பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் அந்தச் சூடு எட்டாத ஒன்றல்ல. சேர்ந்த ஈரம் பைப்பை உள்ளிருந்தும் அரிக்கிறது.

"ரெண்டு சர்க்யூட் இருக்கு, ஒண்ணு போனாலும் இன்னொண்ணு பிடிக்கும்" என்று தள்ளிப்போடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. சர்க்யூட் என்றால் சக்கரங்களுக்கு ஆயில் போகும் தனித்தனிப் பாதை. பிடிக்கும்தான், ஆனால் பெடல் தரை வரை இறங்கியபிறகு பிடிக்கும். முன் சர்க்யூட் போய்ப் பின்சக்கரம் மட்டும் மிஞ்சினால் பாதி பிரேக் என்ற கணக்கே தப்பு. வண்டியை நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன்சக்கரத்துடையது. வேலூர் கிரீன் சர்க்கிள் சந்திப்பில் இறங்கும் ஜனக்கூட்டத்தில் அந்தக் கூடுதல் தூரம் உங்களுக்குக் கிடைக்காது.

வேலை முடிந்ததும், மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்திலிருந்து ஏர் எடுப்பதுதான், அதாவது லைனுக்குள் புகுந்த காற்றை வெளியேற்றுவதுதான் பொதுவான வழக்கம். உங்கள் வண்டியின் கையேடு வேறு வரிசை சொன்னால் அதன்படி. என்ஜினை ஓடவிட்டு ஒரு நிமிஷம் பெடலை அழுத்திப் பிடியுங்கள். கால் கீழே நழுவக் கூடாது. ஒரு வாரம் ஓட்டியபின் மறுபடி ரேம்பில் ஏற்றி, ஒவ்வொரு நட்டையும் காய்ந்த வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணி நனைந்தால் நட்டை இன்னும் இறுக்கச் சொல்லாதீர்கள், பிளேரை வெட்டிப் புதிதாகப் போடச் சொல்லுங்கள்.