மே மாதப் பயிற்சி: திக்‌ஷாவா, நேரில் ஆறு நிமிடமா?

ஆசிரியர்கள் வீட்டிலிருந்தபடி மத்திய அரசின் திக்‌ஷா செயலியில் முடிக்கும் இணையவழிப் பயிற்சி ஒரு பக்கம். பத்து ஆசிரியர்கள் ஓரிடத்தில் கூடி, பாடம் நடத்திப் பார்க்கும் இரண்டு நாள் நேரடிப் பயிற்சி மறுபக்கம். தொடக்க, நடுநிலை வகுப்புகளில் அறிவியல் எடுப்பவர்களுக்கு நேரடிப் பயிற்சிதான் மேல் என்பது நம் கட்சி.

செலவு, அலைச்சல், அக்னி நட்சத்திர வெயில் எல்லாவற்றிலும் திக்‌ஷாவுக்கே வெற்றி. ராமேசுவரத்திலிருந்து ராமநாதபுரம் வந்து திரும்பினால் பேருந்திலேயே மூன்று மணி நேரம் போய்விடும். இதில் வாதாட ஒன்றுமில்லை.

2019இல் நேரடியாகத் தொடங்கிய, மத்திய அரசின் ஆசிரியர் பயிற்சித் திட்டமான நிஷ்தா, கொரோனாவில் திக்‌ஷாவுக்கு மாறியது. குழந்தை நேயக் கற்பித்தல், மதிப்பீடு போன்ற பொதுத் தலைப்புகளை அதில் நிதானமாகப் படிக்கலாம். புரியாத காணொளியைத் திரும்பப் பார்க்கலாம். இரண்டு இடத்தில்தான் பலர் மாட்டிக்கொள்வார்கள். காணொளியை இழுத்துவிட்டுப் பார்த்தால் முன்னேற்றம் முழுமையாகப் பதிவாகாது. பதிவிறக்கி இணைப்பில்லாமல் பார்த்தவர்கள், இணைப்பு கிடைத்ததும் முன்னேற்றத்தை ஒத்திசைக்க மறந்துவிடுவார்கள். சான்றிதழில் அச்சாகும் பெயரையும் பயிற்சியில் சேரும்போதே சரிபார்த்துவிடுவது நல்லது.

ஆனால் தீர்ப்பைத் திருப்புவது வேறொன்று: நடத்திய பாடத்தை அன்றே திருத்தி மறுபடி நடத்த வாய்ப்பு உண்டா?

பி.எட். படித்தவர்களுக்கு நுண்ணிலைக் கற்பித்தல், அதாவது சிறு குழுவுக்குச் சில நிமிடம் பாடம் நடத்தித் திருத்திக்கொள்ளும் பயிற்சியின் கணக்கு நினைவிருக்கும். கற்பித்தல் 6 நிமிடம், பின்னூட்டம் 6, மறுதிட்டம் 12, மறுகற்பித்தல் 6, மறுபின்னூட்டம் 6. ஆக 36 நிமிடம். முதல் ஆறு நிமிடத்தில் பாடம் சொதப்பும். சொதப்புவதற்குத்தான் அந்த ஆறு நிமிடமே.

உப்புத் தண்ணீரில் முட்டை மிதக்கும் சோதனையை எடுத்துக்கொள்வோம். காணொளியில் அரை நிமிடத்தில் முடிந்துவிடும். நேரில் கல்லுப்பைக் கொட்டிக் கலக்கினால், அது கரைவதற்குள் ஆறு நிமிடம் ஓடிவிடும், முட்டையோ அடியிலேயே கிடக்கும். மறுதிட்டத்தில் செய்ய வேண்டியது: அரை லிட்டர் கண்ணாடிக் குவளையில் 250 மில்லி தண்ணீர், 40 கிராம் தூள் உப்பு, வகுப்புக்கு முன்பே கரைத்து வைத்தல். முட்டையை முதலில் நல்ல தண்ணீரில் போட்டுப் பார்க்க வேண்டும். படுத்துக் கிடந்தால் புதியது. நிமிர்ந்து நின்றாலோ மிதந்தாலோ உள்ளே காற்றறை பெருத்த பழைய முட்டை. அது சோதனையையே கெடுத்துவிடும். உப்புக் கரைசலில் முட்டை மிதந்த பின், கரண்டியின் பின்புறம் வழியாக நல்ல தண்ணீரை மெல்ல ஊற்றினால் முட்டை நடுவில் நிற்கும். பிள்ளைகள் வாய்பிளப்பது அப்போதுதான்.

மண்டபம் போன்ற கடற்கரை ஊர்ப் பிள்ளை அதோடு விடாது. “அப்பக் கடல்ல போட்டாலும் மிதக்குமா டீச்சர்?” என்று கேட்கும். “ஆமாம்” என்று சொல்லிவிடுவதுதான் வழக்கமான தவறு. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்புதான். குவளையில் இருப்பது லிட்டருக்கு 160 என்ற கணக்கு. புது முட்டை கடல்நீரில் மூழ்கும். ஒரு குடம் கடல்நீர் கொண்டுவந்து போட்டுக் காட்டினால், ‘உப்பு இருந்தால் மிதக்கும்’ என்ற அரைகுறைப் புரிதல் ‘எவ்வளவு உப்பு’ என்ற கேள்வியாக மாறும். அடர்த்தி என்ற சொல்லை அதற்குப் பிறகு சொன்னால் போதும்.

இந்தக் கேள்வி மாணவர்போல நடிக்கும் சக ஆசிரியரிடமிருந்து வராது. ஆகவே பயிற்சிக்கு ஐந்தாறு பிள்ளைகளை, பெற்றோரிடம் சொல்லிவிட்டு, அழைத்துக்கொள்ள வேண்டும். விசைப்படகுகள் கரையில் நிற்கும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் மீனவக் கிராமங்களில் பெற்றோரும் வீட்டில் இருப்பார்கள் என்பதால் அது சிரமமில்லை. வெயில் ஏறுமுன், காலை பத்துக்குள் முடித்துவிடலாம்.

நேரடிப் பயிற்சி என்ற பெயரில் கருத்தாளர் (பயிற்சி தருபவர்) நாள் முழுக்கத் திரையைக் காட்டிப் பேசுவதும் உண்டு. அதற்குத் திக்‌ஷாவே தேவலை, மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தாவது கேட்கலாம். சேருமுன் ஒருவருக்குப் பாடம் நடத்த எத்தனை முறை வாய்ப்பு கிடைக்கும் என்று கேளுங்கள். பத்துப் பேர் ஒரே குழுவானால் ஒரு சுற்றுக்கே ஆறு மணி நேரம். ஐந்து ஐந்தாகப் பிரித்தால் மூன்று. நாற்பது பேரை ஒரே அறையில் அடைத்தால் பெரும்பாலோர் பார்வையாளர்கள்தான்.

மேல்நிலை வகுப்புகளுக்கு இதே தீர்ப்பை அழுத்திச் சொல்லத் தயக்கம் உண்டு. அங்கே பாட ஆழம்தான் முதல் தேவை. அதற்கு இணையவழி வகுப்புகள் கைகொடுக்கலாம்.

நேரடிப் பயிற்சி கிடைக்காதவர்கள் திக்‌ஷாவில் ஒரு கட்டகத்தை (பயிற்சிப் பகுதியை) முடித்த கையோடு, பக்கத்துத் தெரு ஆசிரியர்கள் இருவரைத் திண்ணைக்கு அழைத்து அந்த 36 நிமிடத்தை நடத்திக்கொள்ளலாம். முட்டை மட்டும் நான்காக வாங்கி வையுங்கள். ஒன்று பழசாக இருக்கும், ஒன்று உடையும்.